வளர்ந்த நாய்க்கும் வீட்டுப் பழக்கம் வரும்

சங்கக் கூட்டங்களில் அன்பர்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. மாற்றலாகிப் போகிறவர்கள் விட்டுச்செல்லும் நாயை வாங்கிக்கொள்ளலாமா, ஐந்தாறு வயதான நாய்க்கு இனிமேல் புது வீட்டின் பழக்கம் வருமா என்று. வரும் என்பதுதான் என் அனுபவம். அதை நான் தெரிந்துகொண்ட விதம் பெருமைப்படும்படி இல்லை. இருந்தாலும் அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இரயில்வேயில் சிக்னல் பிரிவில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் நாக்பூரிலேயே தங்கிவிட்டவன் நான். தெரிந்த தமிழ்க் குடும்பம் ஒன்று வெளிநாடு போனபோது அவர்களுடைய ஜூலி எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஐந்து வயது, ஆறு கிலோ எடை, வெள்ளை வெளேரென்று சடை. நம் நாட்டில் பொமரேனியன் என்று சொல்லி வளர்க்கப்படும் நாய்களில் பெரும்பாலானவை உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ் என்னும் இனம், ஜூலியும் அப்படித்தான்.

முதல் வாரத்திலேயே கூடத்தில், சமையலறை வாசலில், கடைசியில் பூஜை அறை வாசலிலும் ஈரம். என் மனைவி பொறுமைசாலி. அவளே, "ஞாயிற்றுக்கிழமைக்குள்ள வேற இடம் பாத்துடுங்க, என்னால முடியல" என்று சொல்லிவிட்டாள். நான் கையிலிருந்த பேப்பரைச் சுருட்டி ஜூலியை இரண்டு அடி அடித்தேன். சின்ன வயதில் எங்கள் ஊரில் நாய்க்குப் பாடம் சொல்லும் முறை அதுதான்.

மறுநாள் கூடம் காய்ந்திருந்தது. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். இரண்டு நாள் கழித்துச் சோபாவுக்குப் பின்னால் நாற்றம் வந்தது. "வீட்டுக்குள் போகக்கூடாது" என்று அவள் கற்றுக்கொள்ளவில்லை. "இந்த மனுஷன் பார்க்கும்போது போகக்கூடாது" என்றுதான் கற்றிருக்கிறாள். அதனால் கீழே அழைத்துப்போனாலும் நான் பக்கத்தில் நிற்கும்வரை போகமாட்டாள். மாடி ஏறி வந்து கட்டிலடியில் போவாள். அடித்ததன் பலன் அவ்வளவுதான்.

வேலையில் இருந்தபோது சிக்னல் பழுதானால் முதலில் பதிவேட்டில் நேரமும் இடமும் எழுதுவோம். காரணம் பிறகுதான். அந்தப் புத்தி அப்போதுதான் வந்தது. ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து, சாப்பிட்ட நேரம், தண்ணீர் குடித்த நேரம், தூங்கி எழுந்த நேரம், கீழே போன நேரம், தவறு நடந்த நேரம், இடம் என்று கட்டம் போட்டு எழுதினேன். நான்கு நாளில் ஒன்று தெரிந்தது. மணிக்கு ஒருமுறை, கொஞ்சம் கொஞ்சமாக, இரவிலும் போயிருக்கிறாள். கால்நடை மருத்துவரிடம் நோட்டையே காட்டினேன். சிறுநீரைச் சோதித்துவிட்டு, தொற்று இருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார். ஆக, நான் அடித்தது நோயாளியை.

ஆகவே வளர்ந்த நாய் வீட்டுக்குள் போனால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். வயதான நாய்க்கு நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு என்று வேறு காரணங்களும் உண்டு. தண்ணீர் அதிகம் குடிப்பதே அதன் அடையாளம். தவறு குறையட்டும் என்று தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவைப்பவர்கள் இருக்கிறார்கள். நாக்பூர் வெயிலில் அது கொடுமை.

மாத்திரைக்குப்பின் எண்ணிக்கை குறைந்தது, நிற்கவில்லை. மறுபடி நோட்டில் "இடம்" என்ற கட்டத்தைப் பார்த்தேன். கூடத்தில் நான் தரையில் விரித்துவைத்துப் படிக்கும் பேப்பர். சமையலறை வாசலில் மனைவி காய் நறுக்க விரிக்கும் பேப்பர். பூஜை அறை வாசலில் பூப்பொட்டலம் பிரித்த பேப்பர். (நம் சங்க இதழின் பழைய பிரதி ஒன்றும் தப்பவில்லை, ஆசிரியர் மன்னிக்கவும்.) பழைய வீட்டுக்காரர்களுக்குத் தொலைபேசினேன். "ஆமாம் மாமா, நாங்க நாலாவது மாடி. குட்டியிலேர்ந்தே பால்கனியில பேப்பர் போட்டுத்தான் பழக்கினோம்" என்றார்கள். ஜூலி சொல்லிக்கொடுத்தபடிதான் செய்திருக்கிறாள். எதன்மேல் போகவேண்டும் என்று பழக்கினார்களோ, அந்தப் பேப்பராலேயே நான் அடித்திருக்கிறேன்.

அதற்குப்பின் வேலை சுலபமாயிற்று. தரையில் பேப்பர் வைப்பதை வீட்டில் அடியோடு நிறுத்தினோம். அவள் நனைத்த பேப்பர் ஒன்றைக் கீழே வேப்பமரத்தடி மண்ணில் விரித்துக் கல் வைத்தேன். முதல் நாளே அதன்மேல் போனாள். போய் முடித்த அந்த நொடியிலேயே கடலையளவு பன்னீர்த் துண்டு. மாடிக்கு வந்தபின் கொடுத்தால் மாடி ஏறியதற்குக் கூலி என்றுதான் நாய் நினைக்கும். நாளுக்கு நாள் பேப்பரைச் சிறிதாகக் கிழித்து, இரண்டு வாரத்தில் இல்லாமலே ஆக்கினேன். (பரிசு என்று சாம்பார் சாதம் வேண்டாம், வெங்காயம் நாய்க்கு நஞ்சு, திராட்சையும் அப்படியே.)

நேரம் தவறக்கூடாது. காலை எழுந்தவுடன், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும், பகல் தூக்கம் கலைந்ததும், இரவு படுக்குமுன். சின்ன நாய்க்குச் சின்னப் பை. பெரிய நாயைப்போல் அடக்கிவைத்திருக்க முடியாது. விடியற்காலையில் படியிறங்க விட்டால் பாதியிலேயே போய்விடும் என்பதால் தூக்கிக்கொண்டே இறங்குவேன். மழைக்காலத்தில் வயிறு தரையை ஒட்டியிருக்கும் இந்தச் சாதிக்கு ஈரப்புல் பிடிக்காது. நான் அவளுக்குக் குடை பிடித்து நின்றதைப் பார்த்துச் சிரிக்காதவர் குடியிருப்பில் இல்லை.

வீட்டுக்குள் முழுச் சுதந்திரம் உடனே தரவில்லை. முன்போன வண்டி பிளாக் செக்ஷனைத் தாண்டாமல் அடுத்த வண்டிக்கு வழி விடமாட்டோம் அல்லவா? அதுபோல, கூடத்தில் ஒரு வாரம் தவறில்லை என்றால்தான் அடுத்த அறைக்கதவு திறக்கும். நாங்கள் கவனிக்க முடியாதபோது அவள் கயிறு என் நாற்காலிக் காலில் இருக்கும். நடுவில் ஒருமுறை தவறினாள். திட்டாமல் துடைத்துவிட்டு, ஓர் அறை பின்வாங்கினோம்.

துடைப்பதில் ஒரு சங்கதி. பினாயில் நம் மூக்குக்குத்தான் வாசனையை மறைக்கும். நாய் மூக்குக்கு அடியிலுள்ளது தெரியும். அதை நக்கினால் கெடுதலும்கூட. அம்மோனியா கலந்தது இன்னும் மோசம், சிறுநீர் வாசனையைப் போலவே இருக்கும். வினிகரும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்து துடைத்தோம். மார்பிள் தரைக்கு மட்டும் அது ஆகாது, மெருகு போய்விடும். செல்லப்பிராணிக் கடைகளில் இதற்கென்றே என்சைம் கலந்த திரவமும் கிடைக்கிறது.

ஆண் நாய் கால் தூக்கிச் சுவரோரம் சில சொட்டு விடுவது வேறு விஷயம். அது எல்லைக் குறி. கருத்தடை செய்தால் பெரும்பாலும் குறையும்.

மனைவி சொன்ன ஞாயிற்றுக்கிழமை வந்து போனதை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை. மூன்றாவது மாதத்தில் நோட்டை மூடிவிட்டேன். ஜூலி இப்போது அவள் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் படுக்கிறாள். ஆனால் யாராவது பேப்பரைச் சுருட்டினால் இன்றைக்கும் எழுந்து கட்டிலடிக்குப் போய்விடுகிறாள். அதனால் படித்து முடித்ததும் நான்காக மடித்து மேசைமேல் வைத்துவிடுகிறேன்.