கட்டிலோரம் வரும் தரகர்

விபத்தில் கால் முறிந்து பினாங்கு மருத்துவமனையில் படுத்திருக்கும் தொழிலாளியை முன்பின் அறியாத ஒருவர் அணுகுகிறார். "காப்புறுதிப் பணம் வாங்கித் தருகிறேன், கையெழுத்திடுங்கள்" என்கிறார். அத்தாளில் கைவைத்தால், காயம் நமக்கு, பணம் அவருக்கு என்றாகிவிடலாம்.

வழக்கறிஞரல்லாதவர் காய இழப்பீட்டுக்குப் பேரம் பேசுவதை 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் தடுக்கிறது. வென்றால் பங்கு என வழக்கறிஞரும் ஒப்பந்தம் செய்யலாகாது.

விபத்து நேர்ந்த 24 மணி நேரத்துள் போலீசில் புகார் செய்தல் வேண்டும். வழக்குக்கோ அவசரமில்லை. தீபகற்ப மலேசியாவில் பொதுவாக 6 ஆண்டுகள் அவகாசமுண்டு. அரசாங்க வாகனமாயின் 3 ஆண்டுகளே. வேலைக்குச் செல்லும் வழியில் நேர்ந்த விபத்தாயின் சொக்சோ உதவியும் கோரலாம்.

வழக்கறிஞரை நாமே தேர்வோம். வசதி குறைந்தோர் அரசாங்கச் சட்ட உதவி இலாகாவை நாடலாம். படித்தறியாத தாளில் கையெழுத்திடாதிருப்போமாக!