கோபம் எப்போது பாவமாகிறது?



பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார், "ஐயா, ஆண்டவர்மேல் கோபமாய் வருகிறதே, இது பாவமா?" என்று எங்களிடம் கேட்பதுண்டு.

சூம்பின கையையுடையவனுக்கு இரங்காத கடின உள்ளத்தாரை இயேசுவும் கோபத்துடன் பார்த்தார் (மாற்கு 3:5). ஆகவே கோபம் எழும்புவதே பாவமல்ல.

காயீனைக் கவனியுங்கள். அவனுக்கு எரிச்சல் மூண்டபோது கர்த்தர் தண்டிக்கவில்லை, காரணம் கேட்டார், பாவம் வாசலில் காத்திருப்பதை எச்சரித்தார் (ஆதியாகமம் 4:6,7). அந்தக் கேள்விக்குக் காயீன் பதில் சொன்னதாக வேதத்தில் இல்லை. எரிச்சலை மனதில் வைத்து வளர்த்தான். வயல்வெளியில் தம்பியைக் கொன்றான்.

ஆகவே அந்தத் தாய்மாருக்கு நாங்கள் சொல்வது: கோபத்தைக் கர்த்தரிடமே கொட்டிவிடுங்கள், அதுவும் ஜெபமே. பொழுது சாயும்வரை மட்டுமே வேதம் கோபத்துக்குத் தவணை தருகிறது (எபேசியர் 4:26). நமக்கும் யார்மேலாவது கசப்பிருந்தால், இன்றே அதைக் கர்த்தரிடம் சொல்லிவிடுவோம்.