வயலுக்குப் போடும் வேலி

ஊருக்குத் திரும்பிக் காணி துப்புரவாக்க நினைக்கும் குடும்பங்களோடு கிராண்ட்பாஸில் பேசும்போது, யானைப் பேச்சு வராத நாளில்லை. பல வருடம் ஆளில்லாமற் கிடந்த வயல் பற்றையாகிவிட்டது. அது எங்கள் வயல் என்பது யானைக்குத் தெரியாது.

இலங்கையின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 60 வீதத்தில் யானைகள் நடமாடுகின்றன. அதிற் பெரும்பகுதியில் மக்களும் வாழ்கிறார்கள். யானைகளைக் காட்டுக்குள் துரத்தி அடைத்துவிடலாம் என்ற பழைய எண்ணம் கைகொடுக்கவில்லை. அரசாங்கம் போட்ட மின்வேலிகள் பல, திணைக்களக் காணியின் எல்லையோடு காட்டுக்கு நடுவே ஓடுகின்றன. வேலிக்கு இந்தப் பக்கமும் யானை, அந்தப் பக்கமும் யானை. 2019ஆம் ஆண்டில் மட்டும் 400க்கு மேற்பட்ட யானைகளும் 100க்கு மேற்பட்ட மக்களும் மாண்டார்கள்.

குருநாகல் மாவட்டத்துக் கல்கமுவப் பக்கத்தில் கலாநிதி பிருதிவிராஜ் பெர்னாண்டோவும் அவரது ஆய்வாளர்களும் கமக்காரரோடு சேர்ந்து வேறு வழி பார்த்தார்கள். வேலியைக் காட்டுக்குப் போடாமல் ஊருக்கும் வயலுக்கும் போட்டார்கள். ஊர் வேலி நிரந்தரமானது. வயல் வேலியை விதைப்போடு கட்டி, அரிவு வெட்டியபின் கழற்றிவிடுவார்கள். பிறகு யானை வந்து தாளை மேயலாம். அதற்கும் வயிறு உண்டல்லவா? 2020இல் அவர் தலைமையிலான குழு வரைந்த தேசிய செயற்றிட்டமும் இந்த வேலிகளுக்கே முதலிடம் கொடுத்தது.

கம்பியில் மின் விட்டுவிட்டுப் பாய்கிறது. அடி சுள்ளென்று வலிக்கும், உயிரை எடுக்காது. (வீட்டு மின்சாரத்தைக் கம்பிக்குக் கொடுப்பது சட்டவிரோதம். அது யானையை மட்டுமல்ல, இரவில் காவலுக்குப் போகும் உங்கள் மகனையும் கொல்லும்.) புல் வளர்ந்து கம்பியில் முட்டினால் மின் நிலத்துக்குப் போய்விடும். கட்டையைத் தள்ளினால் அடி விழாது என்பதையும் யானை விரைவில் கற்றுக்கொள்ளும். ஆகையால் வேலியை நாளும் பார்க்க ஆள் வேண்டும். அந்த வேலையைக் கமக்காரர் அமைப்பே தன் கையில் வைத்திருக்க வேண்டும். ஒருவருடைய துண்டு பழுதானால் எல்லாருடைய நெல்லும் போகும்.

எங்கள் சிக்கலும் இங்கேதான். ஒரு வயல்வெளியில் இரண்டு குடும்பம் திரும்பியிருக்கும். மூன்று குடும்பம் இன்னும் கொழும்பில் இருக்கும். இல்லாதவரின் துண்டில் புல் வெட்டுவது யார்? விதைப்புக்கு முன் இதைப் பேசித் தீர்க்காத ஊரில், எவ்வளவு நல்ல கம்பி போட்டாலும் வேலி ஒரு போகம் நிற்காது.

கூடிப் பேசுவதற்கு:

உங்கள் வயல்வெளியில் யார் யார் திரும்பியிருக்கிறார்கள்? திரும்பாதவர் புல் வெட்டும் கூலியை அனுப்புவாரா, அல்லது காணியைச் செய்பவரே அந்தத் துண்டையும் பார்ப்பாரா? யானை குளத்துக்கு வரும் பாதை எது? அதை மறித்து வேலி போடாமல் விட முடியுமா?