நாயன இசையை ஆன்லைனில் விற்கலாமா?

காஞ்சிபுரத்தில் சொந்தமாக நாதஸ்வரம், வீணை பதிவு செய்து வைத்திருப்பவரா? ஸ்டாக் இசைத் தளத்தில் ஏற்றும் முன் இவற்றைப் பாருங்கள்.

1. உருப்படி யாருடையது என்று உறுதி செய்யுங்கள். சியாமா சாஸ்திரி (மறைவு 1827), தீட்சிதர் (1835) கிருதிகளுக்குப் பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, தாராளமாக வாசிக்கலாம். பாபநாசம் சிவன் மறைந்தது 1973-ல். மறைவுக்குப் பின் 60 ஆண்டுக் கணக்கில் அவர் பாடல்களின் உரிமை 2033 முடிய இருக்கிறது. கல்யாண வீட்டில் கேட்கிறார்களே என்று வாசித்த சினிமாப் பாட்டை ஏற்றவே வேண்டாம்.

2. தவில்காரர், தாளக்காரர், ஸ்டுடியோக்காரர் எல்லோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். சம்பளம் கொடுத்ததாலேயே விற்கும் உரிமை வந்துவிடாது.

3. 'எக்ஸ்குளூசிவ்' என்ற இடத்தில் அவசரப்பட்டு டிக் அடிக்காதீர்கள். பிறகு காந்தி ரோடு பட்டுக்கடைக்காரர் விளம்பரத்துக்கு நேரில் கேட்டாலும் கொடுக்க முடியாது. நம் ஊரில் அந்த வழியும் நல்ல வழிதான்.

4. சிறந்த பதிவைக் கையில் வைத்துக்கொண்டு சிறு துணுக்குகளை மட்டும் கொடுங்கள். 'ராயல்டி ஃப்ரீ' முறையில் வாங்குபவர் ஒருமுறைதான் பணம் கட்டுவார், பலமுறை பயன்படுத்துவார்.

5. யூடியூப் கன்டென்ட் ஐடியில் பதிந்ததைத் தளத்தில் போடாதீர்கள். காசு கொடுத்து வாங்கியவர் வீடியோவுக்கே உரிமைக் கோரிக்கை போகும்.

6. கடைக்கு நேரில் கொடுத்தால் காலம், பரப்பு இரண்டையும் எழுதுங்கள். எழுதாவிட்டால் சட்டம் 5 ஆண்டு, இந்தியா முழுவதும் என்று எடுத்துக்கொள்ளும்.