பழுதின் வேர் எங்கே?

கிள்ளான் நகரில், ஜாலான் தெங்கு கிளானாவுக்கு அருகே ஒரு வாகனப் பட்டறை இருப்பதாகக் கற்பனை செய்து கொள்ளுங்கள். தீபாவளிக்கு இன்னும் சில நாள்களே உள்ளன. பூ வணிகர் ஒருவர் தம் டீசல் வேனை அங்குக் கொண்டு வருகிறார். நாள்தோறும் விடியற்காலையில் கூட்டரசு நெடுஞ்சாலை வழியாகப் பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளுக்கு மாலைகளைக் கொண்டு செல்பவர் அவர். இன்றோ வேனில் மஞ்சள் நிற எச்சரிக்கை விளக்கு எரிகிறது. மேட்டில் ஏறும்போது இயந்திரம் திணறுகிறது.

பட்டறையில் தொழில் பழகும் இளைஞர் ஸ்கேனர் கருவியைப் பொருத்துகிறார். திரையில் ‘பி0405’ என்னும் பிழைக் குறியீடு தோன்றுகிறது.

“அண்ணே, இ.ஜி.ஆர். வால்வில் பழுது. புதியதை வாங்கி மாற்றிவிடலாமா?”

“பொறு தம்பி. வால்வின் நிலையைக் காட்டும் உணரியிலிருந்து வரும் மின்னழுத்தம் மிகக் குறைவு என்றுதான் இந்தக் குறியீடு சொல்கிறது. வால்வு கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. உணரி, கம்பி, இணைப்பான் ஆகியவற்றுள் எது காரணம் என்பதை நாம்தான் கண்டறிய வேண்டும்,” என்கிறார் பட்டறை உரிமையாளர்.

இ.ஜி.ஆர். என்பது புகைவாயு மறுசுழற்சி அமைப்பைக் குறிக்கும். நாம் சுவாசிக்கும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன் உள்ளது. இயந்திரத்தினுள் வெப்பம் மிக உயரும்போது நைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாக மாறுகிறது. இவை நுரையீரலுக்குக் கேடு விளைவிப்பவை. வெளியேறும் புகைவாயுவில் ஒரு பகுதியை மீண்டும் இயந்திரத்தினுள் செலுத்தினால், எரிதலின் உச்ச வெப்பநிலை தணிகிறது. நச்சு வாயுவும் குறைகிறது. எவ்வளவு புகைவாயு உள்ளே செல்ல வேண்டும் என்பதை இயந்திரக் கட்டுப்பாட்டுக் கணினி முடிவு செய்கிறது. வால்வு அதற்கேற்பத் திறந்து மூடுகிறது.

உரிமையாளர் படிப்படியாகச் சோதனையைத் தொடங்குகிறார். முதலில் பேட்டரியை அளக்கிறார். இயந்திரம் ஓடாத நிலையில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டுகிறது. பேட்டரி நல்ல நிலையில் உள்ளது. அடுத்து, கம்பிகள் உராய்ந்தோ வெப்பத்தால் உருகியோ உள்ளனவா எனப் பார்க்கிறார். அக்குறையும் இல்லை.

நிலை உணரிக்கு மூன்று கம்பிகள் உண்டு. ஒன்று கணினியிலிருந்து 5 வோல்ட் மின்னழுத்தத்தைக் கொண்டு வருகிறது. மற்றொன்று எர்த் கம்பி. மூன்றாவது, வால்வின் நிலையைக் கணினிக்குத் தெரிவிக்கும் சமிக்ஞைக் கம்பி. இணைப்பானைக் கழற்றாமல், அதன் பின்புறமாக மெல்லிய ஊசிமுனையைச் செலுத்தி உரிமையாளர் அளக்கிறார். முதல் கம்பியில் 5 வோல்ட் வருகிறது. எர்த் கம்பியும் சரியாக உள்ளது. ஆனால், சமிக்ஞைக் கம்பியில் ஏறக்குறைய 0 வோல்ட்!

“பார்த்தாயா? இணைப்பான் வரை மின்சாரம் வந்துவிட்டது. அதற்கப்பால் போகிறதா என்பதுதான் கேள்வி,” என்றபடி இணைப்பானைக் கழற்றுகிறார். உள்ளே, 5 வோல்ட் முனையில் பச்சை நிறத்தில் செம்புக் களிம்பு படிந்திருக்கிறது.

“ஐயா, இந்த வேன் வெள்ளத்தில் நின்றதா?” என்று கேட்கிறார். வணிகர் ஆமெனத் தலையசைக்கிறார். 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கைப் பெருவெள்ளம் தாக்கியபோது எண்ணற்ற வாகனங்கள் நீரில் மூழ்கின. நீர் வடிந்த பின்னரும் இணைப்பான்களில் தங்கும் ஈரம் உலோக முனைகளை மெல்ல மெல்ல அரிக்கும். பழுது நெடுநாள் கழித்தும் வெளிப்படலாம்.

“எதற்கு இவ்வளவு சிரமம்? அந்த வழியைத் தகடு வைத்து அடைத்துவிட்டால் போதாதா?” என்கிறார் வணிகர்.

“அடைத்தால் நச்சு வாயு கூடும், ஐயா. நைட்ரஜன் ஆக்சைடுகள் வெயிலில் வேறு வாயுக்களோடு வினைபுரிந்து, தரைக்கு அருகில் ஓசோனை உண்டாக்கும். அந்தக் காற்றைத்தானே நம் பிள்ளைகளும் சுவாசிக்கிறார்கள்?”

அரிக்கப்பட்ட முனை மாற்றப்படுகிறது. இப்போது மூடிய நிலையில் சமிக்ஞை ஏறக்குறைய 1 வோல்ட். வால்வு திறக்கத் திறக்க அது சீராக உயர்கிறது. வாகனக் கையேட்டில் உள்ள அளவுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பின், குறியீட்டை அழித்து வேனை ஓட்டிப் பார்க்கிறார்கள். விளக்கு மீண்டும் எரியவில்லை. வால்வை மாற்றியிருந்தால் வணிகரின் பணம் வீணாகியிருக்கும். களிம்பேறிய முனை அப்படியே இருந்திருக்கும்.

திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் மருத்துவருக்குக் கூறிய நெறி இயந்திரத்திற்கும் பொருந்துகிறது. அறிகுறியைக் கண்டதும் முடிவெடுக்காமல், அதன் காரணத்தைத் தேடிச் செல்பவரே சிறந்த தொழில்நுட்பராகத் திகழ முடியும்.

சிந்தித்து விடையளிப்பீர்:
1. பிழைக் குறியீட்டை மட்டும் நம்பி வால்வை மாற்றியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்?
2. இணைப்பானில்தான் பழுது உள்ளது என்பதை உரிமையாளர் எவ்வாறு உறுதிப்படுத்தினார்?
3. புகைவாயு வழியை அடைக்க உரிமையாளர் மறுத்தது சரியா? உமது கருத்தைக் காரணத்துடன் விளக்குக.