மான் வேட்டைக்கு முன் ரைஃபிள் பயிற்சி: எங்கே சுடுவது?

மிச்சிகனில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம் நவம்பர் 15 அன்று தொடங்குகிறது. விஸ்கான்சினில் நன்றி நவிலல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் நடக்கிறது. இந்தத் தேதிகளுக்கு முந்தைய இரண்டு வாரங்களில் அங்குள்ள சுடுதளங்களில் கூட்டம் நெரியும். ஆண்டு முழுவதும் பெட்டிக்குள் இருந்த ரைஃபிளை எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே எடுக்கிறார்கள்.

அமெரிக்காவில் வாழும் தமிழர்களில் வேட்டைக்குப் போகத் தொடங்கியவர்களுக்கு இந்தக் காலம் இன்னும் சிக்கலானது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வேட்டை அநேகமாக முழுமையாகத் தடை செய்யப்பட்டுள்ளது. அதனால் நம்மில் பெரும்பாலோர் ரைஃபிளைத் தொடுவதே வளர்ந்த பிறகுதான். சிறு வயதில் மாமாவின் பண்ணையில் சுட்டுப் பழகிய பக்கத்து வீட்டுக்காரருக்கு எங்கே சுடுவது என்ற கேள்வியே எழாது. நமக்கு அதுதான் முதல் கேள்வி.

நான்கு வழிகள் இருக்கின்றன: மாநில அரசின் பொதுச் சுடுதளம், உறுப்பினர் கிளப், தெரிந்தவரின் தனியார் நிலம், கூட்டாட்சி அரசின் திறந்த பொது நிலம். கட்டணம், தூரம், வசதி என்று பலவற்றை ஒப்பிடலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: இலக்கு அட்டையைத் துளைத்த குண்டு எங்கே போய் நிற்கும்? அதற்கு உறுதியான பதில் இல்லாத இடத்தில் மற்ற எந்த வசதி இருந்தும் பயனில்லை.

இடம் தேடும் முன் சட்டம்

எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இதில் அடங்கும். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே விசாவில் இருப்பவர் முதலில் வேட்டைக் கல்வி வகுப்பை முடித்து, உரிமம் வாங்கி, அதன் பிறகே ரைஃபிளைத் தொட வேண்டும். நண்பருடைய துப்பாக்கிதானே, ஒருமுறை சுட்டுப் பார்க்கலாம் என்று இறங்கினால் குடியேற்ற நிலையே கேள்விக்குள்ளாகலாம். சந்தேகம் இருந்தால் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். பச்சை அட்டை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

வேட்டைக் கல்வி வகுப்பு வெறும் சடங்கு அல்ல. விஸ்கான்சினில் 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு அது கட்டாயம். துப்பாக்கியைக் கையாளும் அடிப்படை விதிகளையும் உள்ளூர் வேட்டைச் சட்டங்களையும் ஒரே இடத்தில் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

நல்ல இடத்தின் இலக்கணம்

மிகச் சிறிய .22 தோட்டாவின் குண்டுகூட ஒன்றேகால் மைல் வரை பறக்கும். மான் வேட்டைக்குப் பரவலாகப் பயன்படும் .30-06 ரைஃபிளின் குண்டு உகந்த கோணத்தில் மூன்று மைல் வரை போகக்கூடியது. நூறு கஜத்தில் அட்டையை நிறுத்திச் சுடுபவர், அதற்குப் பின்னால் மூன்று மைலுக்கும் பொறுப்பேற்கிறார்.

அதனால் இலக்குக்குப் பின்னால் குண்டை விழுங்கும் மண்மேடோ மலைச்சரிவோ இருக்க வேண்டும். அது மிருதுவான மண்ணாக இருப்பது முக்கியம். பாறை, கூழாங்கல், உறைந்த தரை, நீர்ப்பரப்பு ஆகியவற்றில் பட்டால் குண்டு தெறித்து எதிர்பாராத திசையில் போகும். மரங்கள் தடுப்பு ஆகாது. குண்டு அவற்றுக்கு இடையே புகுந்து போய்விடும், அவற்றுக்கு அப்பால் யார் நடக்கிறார் என்பதும் தெரியாது. வானத்தைப் பின்னணியாகக் கொண்டு மேட்டின் உச்சியில் இலக்கை வைப்பது எல்லாவற்றிலும் ஆபத்தானது.

அடுத்தது, என்ன பயிற்சிக்குப் போகிறீர்கள் என்பது. வேட்டைக்கு முந்தைய பயிற்சியில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று ஸ்கோப்பை ஜீரோ செய்வது, அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைத் திருத்துவது. அதற்கு அசையாத மேசை, மணல்பை, சரியாக அளந்த தூரம் ஆகியவை வேண்டும். முதலில் 25 கஜத்தில் குண்டு அட்டையில் விழ வைத்து, பிறகு 100 கஜத்துக்குப் போவது வழக்கம். பெரும்பாலான வேட்டை ஸ்கோப்புகளில் ஒரு கிளிக் திருப்பினால் குண்டு விழும் இடம் 100 கஜத்தில் சுமார் கால் அங்குலம் நகரும். 25 கஜத்தில் அது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குதான். தூரம் குத்துமதிப்பாக இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் பிசகும்.

மற்றொன்று காட்டில் சுடும் நிலைகளில் பழகுவது: உட்கார்ந்து, முழங்காலிட்டு, கவைக்கோலில் தாங்கி. மேசையில் அற்புதமாகச் சுடுபவர் முழங்காலிட்டதும் தடுமாறுவது சாதாரணம். முதல் பகுதிக்கு ஏற்ற இடமே இரண்டாவதுக்கும் ஏற்றது என்று சொல்ல முடியாது. நான்கு வழிகளுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இங்கிருந்தே வருகிறது.

மாநில அரசின் சுடுதளம்

அமெரிக்காவில் 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி, ரைஃபிள்கள் மீதும் தோட்டாக்கள் மீதும் 11 விழுக்காடு கூட்டாட்சி வரி விதிக்கப்படுகிறது. அந்தப் பணம் மாநில வனவிலங்குத் துறைகளுக்குப் போகிறது. வாழிடப் பாதுகாப்பு, வேட்டைக் கல்வி, சுடுதளங்கள் ஆகியவற்றுக்குச் செலவாகிறது. பொதுச் சுடுதளம் அமைக்கும் செலவில் 90 விழுக்காடு வரை இந்த நிதியிலிருந்து எடுக்க 2019இல் வந்த சட்டம் வழி செய்தது. தோட்டாப் பெட்டி வாங்கும் ஒவ்வொருவரும் இந்த இடங்களுக்குப் பங்களித்தவரே. தயங்காமல் போகலாம்.

அரிசோனாவில் ஃபீனிக்ஸ் நகருக்கு வடக்கே உள்ள பென் ஏவரி சுடுதளம் 1,600 ஏக்கருக்கு மேல் பரந்தது. மாநில வேட்டை, மீன்வளத் துறையே நடத்துகிறது. பென்சில்வேனியாவில் மாநில வேட்டை நிலங்களுக்குள் பல சுடுதளங்கள் உண்டு. வேட்டை உரிமமோ தனி அனுமதிச் சீட்டோ இருந்தால் பயன்படுத்தலாம்.

இவற்றின் பெரிய பலம், மண்மேடும் தூரமும் முன்பே தீர்மானிக்கப்பட்டு அமைக்கப்பட்டிருப்பது. பெரிய தளங்களில் பாதுகாப்பு அதிகாரி நிற்பார். அவர் "சீஸ் ஃபயர்" என்று குரல் கொடுத்தால் அந்த நொடியே சுடுவதை நிறுத்தி, தோட்டாவை வெளியே எடுத்து, போல்ட்டைத் திறந்து வைத்துவிட்டுப் பின்னால் வர வேண்டும். "ரேஞ்ச் கோல்ட்" என்று அறிவித்து, அட்டை மாற்ற ஆள்கள் முன்னே போகும் நேரத்தில் ஒருவரும் துப்பாக்கியைத் தொடக் கூடாது. புதிதாகப் பழகுபவருக்கு இந்த ஒழுங்கே பாதிப் பாடம். எல்லாச் சிறு தளங்களிலும் அதிகாரி இருப்பதில்லை. போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். அதிகாரி இல்லாத தளத்தில் சுடுபவர்கள் தங்களுக்குள் பேசி ஒத்துக்கொண்ட பிறகே ஒருவர் அட்டை மாற்றப் போகலாம்.

பலவீனம், பல தளங்களில் மேசையிலிருந்து மட்டுமே சுட அனுமதி. முழங்காலிட்டுப் பழக முடியாது. பருவத்துக்கு முந்தைய வாரங்களில் காத்திருக்கவும் நேரும்.

உறுப்பினர் கிளப்

ஆண்டுச் சந்தா கட்டி, அறிமுக வகுப்பில் உட்கார்ந்து சேர வேண்டும். சில கிளப்புகளில் பராமரிப்பு வேலைக்கும் சில மணிநேரம் வர வேண்டியிருக்கும். 200, 300 கஜ வரிசைகள், கூட்டமில்லாத வார நாள்கள், பல நிலைகளிலிருந்து சுட அனுமதி ஆகியவை பல கிளப்புகளில் கிடைக்கும். எல்லாவற்றையும்விட அனுபவசாலிகளின் பழக்கம் கிடைக்கும். உங்கள் தோள் எங்கே அசைகிறது, விசையை எப்படி இழுத்துவிடுகிறீர்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்ல ஆள் இருப்பது பெரிய பாக்கியம்.

உறுப்பினராக விருப்பமில்லாதவர்களுக்கு ஒரு செய்தி: இலையுதிர் காலத்தில் பல கிளப்புகள் ஸ்கோப் ஜீரோ செய்வதற்கென்றே சில நாள்கள் பொதுமக்களுக்குத் திறந்துவிடும். சிறு கட்டணத்தில், உதவிக்கு ஆளோடு, ஒரு காலை நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

தனியார் நிலம்

டெக்சஸ் போன்ற மாநிலத்தில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட நிலம் தனியாருடையது. அங்கே தெரிந்தவரின் பண்ணையே பலருக்குப் பயிற்சிக் களம். நீங்கள் வேட்டையாடப் போகும் அதே நிலத்தில், அதே புல்லில், அதே காற்றில் பழகலாம். எந்த நிலையிலிருந்தும் சுடலாம், அவசரம் இல்லை.

ஆனால் இங்கே பாதுகாப்பு அதிகாரி நீங்கள்தான். நிலத்தவரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். கவுண்டி, நகர விதிகளைப் பாருங்கள். ஊர் எல்லைக்குள் சுடுவதைத் தடுக்கும் விதிகள் பரவலாக உண்டு. வரைபடத்தில் சுடும் திசையை நீட்டிப் பார்த்து, அந்தக் கோட்டில் வீடு, சாலை, மேய்ச்சல் நிலம் எது வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே கோட்டில் நடந்தும் பாருங்கள். சென்ற ஆண்டு வெறுமையாக இருந்த இடத்தில் இந்த ஆண்டு வீடு எழுந்திருக்கலாம். சமவெளிப் பண்ணையில் இயற்கையான தடுப்பு இருக்காது. உயரமான மண்மேடு எழுப்பாமல் ரைஃபிள் சுடுவது தகாது. குன்றும் சரிவும் உள்ள நிலமென்றால், உயரத்திலிருந்து கீழ்நோக்கிச் சரிவின் மண்ணுக்குள் சுடும்படி அமைத்துக்கொள்ளலாம்.

கூட்டாட்சிப் பொது நிலம்

மேற்கு மாநிலங்களில் இதுவே மிகப் பெரிய வாய்ப்பு. நெவாடாவில் ஏறக்குறைய 80 விழுக்காடு நிலம் கூட்டாட்சி அரசுடையது. பி.எல்.எம். எனப்படும் நில மேலாண்மைப் பணியகத்தின் கையில் நாடு முழுவதும் சுமார் 24.5 கோடி ஏக்கர் இருக்கிறது. தனியாக மூடப்படாத இடங்களில் இலக்குப் பயிற்சிக்குப் பொதுவாக அனுமதி உண்டு, கட்டணம் இல்லை. தேசியக் காடுகளில் வீடு, கட்டடம், முகாம், மக்கள் கூடும் இடம் ஆகியவற்றிலிருந்து 150 கஜத்துக்குள் சுடக் கூடாது. சாலைக்குக் குறுக்கே சுடக் கூடாது. தேசியப் பூங்காக்களில் இலக்குப் பயிற்சிக்கு இடமே இல்லை. மூடப்பட்ட பகுதிகள் அடிக்கடி மாறுவதால், கிளம்பும் முன் உள்ளூர் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பது அவசியம்.

இங்கே தனிக் கவனம் வேண்டியது நெருப்பு. 2012 ஜூனில் உட்டா மாநிலத்தின் சரடோகா ஸ்பிரிங்ஸ் அருகே இலக்குப் பயிற்சியில் இருந்த இருவரால் மூண்ட தீ 5,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. ஆயிரக்கணக்கானோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. ரைஃபிள் குண்டு பாறையிலோ இரும்பிலோ மோதிச் சிதறும்போது அதன் துண்டுகள் கடுமையாகச் சூடேறுகின்றன. எஃகு கலந்த குண்டுகளும் முழுச் செம்புக் குண்டுகளும் உலர்ந்த சருகைப் பற்றவைக்கும் வாய்ப்பு அதிகம் என்று அமெரிக்க வன சேவையின் ஆய்வாளர்கள் 2013இல் சோதித்துக் காட்டினார்கள். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் ஈயமில்லாத தோட்டா கட்டாயம். பயிற்சியையும் வேட்டைத் தோட்டாவாலேயே செய்வது நல்லது என்பதால், அங்குள்ளவர்கள் செம்புக் குண்டைக் காய்ந்த மலைச்சரிவில் சுட நேர்கிறது. கோடையிலும் காற்றடிக்கும் நாளிலும் திறந்த வெளியைத் தவிர்த்துவிட்டுச் சுடுதளத்துக்குப் போங்கள். மற்ற நாள்களில் தண்ணீரும் மண்வெட்டியும் வண்டியில் இருக்கட்டும். வெடிக்கும் இலக்குகள் எந்த நாளும் வேண்டாம்.

இன்னொரு கடமை, வெற்றுத் தோட்டாக்களையும் கிழிந்த அட்டைகளையும் பொறுக்கி எடுத்து வருவது. கண்ணாடிப் புட்டி, பழைய தொலைக்காட்சிப் பெட்டி என்று கண்டதையும் சுட்டுவிட்டுக் குப்பையாக விட்டுப்போனதால் பொதுமக்கள் இழந்த இடங்கள் உண்டு.

யாருக்கு எது?

முதன்முதலில் ரைஃபிள் பிடிப்பவர், பாதுகாப்பு அதிகாரி நிற்கும் மாநிலச் சுடுதளத்தில் தொடங்குவதே சரி. பழகியவரோடு மட்டும் போங்கள். திறந்த பொது நிலத்தில் முதல் தோட்டாவைச் சுட வேண்டாம். ஆண்டுதோறும் வேட்டைக்குப் போகும் எண்ணம் இருந்தால் கிளப்பில் சேருங்கள். பின்னால் மண்சரிவு உள்ள பண்ணை கிடைத்தால், ஸ்கோப்பைச் சுடுதளத்தில் ஜீரோ செய்துவிட்டு, முழங்காலிட்டும் உட்கார்ந்தும் சுடும் பயிற்சியை அங்கே வைத்துக்கொள்ளலாம். பொது நிலம், இடத்தைத் தானே மதிப்பிடத் தெரிந்தவருக்கு உரியது. அதுவும் ஈரமான பருவத்தில்.

எந்த இடமானாலும் காதுக்கும் கண்ணுக்கும் காப்பு வேண்டும். வேட்டை ரைஃபிளின் ஒலி 150 டெசிபலுக்கு மேல் போகும். 140ஐத் தாண்டிய ஒரே ஒலிகூடக் காதைக் கெடுக்கும். ஈயத் துகள் கையில் படிவதால், கை கழுவாமல் சாப்பிடக் கூடாது. ரைஃபிளைத் தோட்டா இல்லாமல் பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள்.

ஆகஸ்டில் தொடங்கினால் கூட்டமும் இல்லை, அவசரமும் இல்லை. மானின் இதயமும் நுரையீரலும் உள்ள பகுதி சுமார் எட்டு அங்குல அகலம். முழங்காலிட்டுச் சுடும்போது எத்தனை கஜம் வரை உங்கள் குண்டுகள் எல்லாம் எட்டு அங்குல வட்டத்துக்குள் விழுகின்றனவோ, அதுதான் இந்தப் பருவத்தில் உங்கள் எல்லை. 120 கஜம் என்றால் 120தான். 200இல் நிற்கும் மானைச் சுடாமல் விடுங்கள். காயத்தோடு ஓடி எங்கோ கிடந்து சாகும் விலங்கின் வேதனைக்கு எந்தச் சமாதானமும் இல்லை. அந்த எல்லையை நேர்மையாகக் கண்டறிய உதவுவதும், அதைக் கண்டறியும்போது வேறு எவருக்கும் தீங்கு வராமல் காப்பதுமே நல்ல பயிற்சி இடம்.