நாற்றங்கால் சுருங்கும் வயது

கேள்வி: எங்கள் வாப்பாவுக்கு 72 வயது. ஹஜ்ஜுக்குப் போகிறார்கள். 65 வயதைத் தாண்டிய ஹாஜிகளுக்குப் போடும் ஃப்ளூ ஊசியை, "காய்ச்சல் என்று நான் படுத்ததே இல்லை, எனக்கு எதற்கு?" என்று மறுக்கிறார்கள். ஆனால் போன மழைக்காலத்தில் அக்கி வந்து மூன்று மாதம் எரிச்சலில் தூங்கவில்லை. திடமாக இருப்பவருக்கும் வயதானால் எதிர்ப்புச் சக்தி குறையுமா?
- ஒரு வாசகி, நாகூர்

பதில்: உங்கள் வாப்பா சொல்வது பொய்யில்லை. இத்தனை காலம் சந்தித்த கிருமிகளை அவர்கள் உடம்பு நினைவில் வைத்திருக்கிறது. சிக்கல், புதிதாக வருவதை எதிர்கொள்வதில்தான்.

நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்றொரு சுரப்பி இருக்கிறது. அதை நாற்றங்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். எலும்பு மஜ்ஜை விதையை அனுப்பும். தைமஸ் அதை வளர்த்து, நம் உடம்பையே தாக்கக்கூடியவற்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தேறியவற்றை மட்டும் டி செல்களாக வெளியே விடும். பருவ வயதிலிருந்தே இந்த நாற்றங்கால் சுருங்கி, அந்த இடத்தில் கொழுப்பு சேர்கிறது. எழுபது வயதில் ஓர் ஓரம்தான் மிச்சம். நட்ட வயல் நிற்கும். புதுக் கிருமி வந்தால் நடுவதற்கு நாற்று போதாது. ஃப்ளூ வைரஸோ ஓயாமல் மாறிக்கொண்டே இருப்பது. அதனால்தான் ஊசியும் ஆண்டுதோறும் தேவைப்படுகிறது.

பழைய கிருமிகள் மேலுள்ள காவலும் தளரும். அதற்கு அக்கிதான் சாட்சி. சிறு வயதில் அம்மை போட்டபோது வந்த வைரஸ் உடம்பை விட்டுப் போகவேயில்லை. நரம்பு முடிச்சுகளில் பல பத்தாண்டுகள் ஒளிந்திருந்து, டி செல்கள் தளர்ந்த நேரம் பார்த்து நரம்பு வழியே தோலுக்கு வந்து, ஒரு பக்கமாகக் கொப்புளம் போட்டிருக்கிறது. நம் பக்கத்தில் உடனே வேளாரிடம் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொள்வார்கள். காவி தோலுக்குக் குளிர்ச்சி தரலாம். நரம்பிலுள்ள வைரஸை அது தொடாது. அதை அடக்கும் மாத்திரையைக் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எழுதிவிட்டுப் பார்ப்போம் என்று காத்திருக்கும் மூன்று நாளில் அந்த வாய்ப்பு போய்விடுகிறது. எரிச்சல் தாங்காமல் பிறகு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. அக்கி ஒருமுறை வந்தவருக்கு மறுபடியும் வரலாம். அதைத் தடுக்கும் ஊசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. விலை அதிகம்தான்; ஆனாலும் மருத்துவரிடம் கேளுங்கள். ஃப்ளூ ஊசி அக்கியைத் தடுக்காது.

எதிர்ப்புச் சக்தி தளர்ந்த பிறகு ஊசி போட்டு என்ன பயன் என்றும் வாப்பா கேட்கலாம். இளைஞர்களுக்குக் கிடைக்கும் அளவு பலன் கிடைக்காது என்பது உண்மை. ஆனாலும் முதிய உடம்பு கற்றுக்கொள்வதை நிறுத்திவிடுவதில்லை. 2020-இல் சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், 60 முதல் 80 வயது வரை உள்ளவர்களுக்கு பி.சி.ஜி. ஊசி போட்டு, ஒரு மாதம் கழித்து ரத்தத்தைச் சோதித்தது. அவர்களுக்கு நினைவு டி செல்கள் கூடியிருந்தன. ஃப்ளூ ஊசி போட்டும் காய்ச்சல் வரலாம். ஆனால் அது நிமோனியாவாக முற்றி ஆஸ்பத்திரியில் சேர்க்கும் நிலை வருவது குறையும். 2024-இல் 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஹஜ் செய்தார்கள். மினா கூடாரத்தில் பக்கத்துப் படுக்கையில் ஒருவர் இருமினால் போதும். ஊசி வேலை செய்ய இரண்டு வாரமாகும், கிளம்புவதற்கு முன் அந்த அவகாசம் இருக்கட்டும். எல்லா ஹாஜிகளுக்கும் போடும் மூளைச்சவ்வுக் காய்ச்சல் ஊசி வேறு, அது கட்டாயம்.

"காய்ச்சல் என்று படுத்ததே இல்லை" என்பதைத்தான் நான் அதிகம் கவனிக்கிறேன். இந்த வயதில் நுரையீரலில் சளி கட்டினாலும் உடம்பு சுடாமல் இருக்கலாம். கூடப் போகிறவரிடம் இதைச் சொல்லி அனுப்புங்கள்: சாப்பாடு இறங்கவில்லை, பேச்சு தடுமாறுகிறது, திடீரென்று நடை தள்ளாடுகிறது, மூச்சு வேகமாக இருக்கிறது என்றால், தொட்டுப் பார்த்துச் சூடில்லை என்று விட்டுவிடாமல் அன்றைக்கே மருத்துவ முகாமுக்கு அழைத்துப் போக வேண்டும்.